வடிவாம்பாள் வீட்டு நிலைப்பொட்டு

வடிவாம்பாள் வீட்டு நிலைப்பொட்டு மங்கிவருவதை யாரும் அவளிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாவு வாங்குவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

முதலில் எதிர்வீட்டு டீச்சரம்மா, ஃப்ரிட்ஜில் பழைய மாவு கிடக்கிறது என்றார். அடுத்து மேலத்தெரு முழுவதற்கும் ஒரே வாரத்தில் சப்பாத்தி பிடித்துப்போயிற்று. விடிகாலையில் வடிவாம்பாள் வீட்டு கிரைண்டர் சத்தத்தில் கண்விழித்துப் பழகிய தெரு அது. இப்போது கிரைண்டர் சீக்கிரமே ஓய்ந்துவிடுவதால் சிலர் நேரம் தப்பி எழுந்து பஸ்ஸைத் தவறவிட்டார்கள். அப்போதும் ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஆற்று மணலும் சுண்ணாம்புப் பாறையும் தீர்ந்துபோய், மனிதர்கள் மறுபடியும் மரத்தில் வீடு கட்டத் தொடங்கியிருந்த காலம் அது. பொதிகை மலையடிவாரத்துச் சாரல்பட்டியில் எல்லா வீடும் மரவீடுதான். சரிவில் நட்டு வளர்த்த தேக்கங்காட்டைப் பங்கு பங்காகப் பிரித்து, வீட்டுக்கு ஒரு பங்கு என்று விட்டிருந்தார்கள். எந்தப் பங்கிலிருந்து உன் வீட்டுக்கு மரம் வந்ததோ, அந்தப் பங்கின் நலத்துக்கு நீ பொறுப்பு. மறந்துவிடாமல் இருக்க, வாசல் நிலையின் மேல்சட்டத்தில் நட்டநடுவே காசு அகலத்துக்கு ஒரு கண்ணாடிக் குமிழ். குமிழுக்குள் அந்தப் பங்கின் மண் ஒரு சிட்டிகை. மண்ணில், கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை நூல்கள்.

காட்டில் புதைத்த கருவிகளிலிருந்து குமிழுக்குச் செய்தி வந்துகொண்டே இருக்கும். அங்கே எந்தப் பூஞ்சை செழிக்கிறதோ அதற்கு இங்கேயும் சத்து ஊறும். அங்கே எது வாடுகிறதோ அதற்கு இங்கேயும் பட்டினி. தேக்கு வேரோடு கூடி வாழும் பூஞ்சை இளம்பச்சையாக ஒளிர்வது. ஆகவே பங்கு நன்றாக இருந்தால் வீட்டு வாசல் பச்சையாக மினுங்கும்.

நெற்றியில் வைத்ததுபோல் இருந்ததால் ஜனங்கள் அதை நிலைப்பொட்டு என்றார்கள். பேர் வைத்ததோடு நின்றிருக்கலாம். பொட்டு பளிச்சென்று இருக்கும் வீட்டில் பெண் எடுக்கலாம், மங்கிய வீட்டில் கைநனைக்கக் கூடாது என்று அதற்கொரு சாஸ்திரமும் கட்டிவிட்டார்கள். அணைந்துபோனால் சாஸ்திரம் தேவையில்லை, சட்டமே இருந்தது. வனப்பங்கு வாரியம் வந்து வீட்டைப் பிரித்து மரத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். குடும்பம் ஊருக்கு வெளியே தார்ப்பாய் முகாமுக்குப் போக வேண்டியதுதான்.

வடிவாம்பாளின் கணவர் ஆவுடையப்பன் காய்ச்சலில் போன அன்று, அவள் தன் நெற்றியைத் துடைக்க வந்த உறவுக்காரிக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். தலைக்குமேல் நிலையில் பச்சையாக ஒன்று மினுங்கிக்கொண்டிருந்ததை நிமிர்ந்து பார்த்தாள். அவர் கட்டிய வீடு. அவர் வைத்த பொட்டு. இதையாவது என்னிடமிருந்து துடைக்க விடாதே முருகா என்று வேண்டிக்கொண்டாள்.

அந்தப் பொட்டுதான் இப்போது பழுத்த வேப்பிலை நிறத்துக்கு வந்துவிட்டது. ஆவணியில் வாரியத்தின் ஆய்வு. அதற்குள் அணைந்துவிட்டால் வீடு போய்விடும்.

"யக்கா, ரெண்டு கரண்டி மாவு."

இந்த ஒரு குரல் மட்டும் காலை தவறாமல் வந்தது. பனிமயம். தூத்துக்குடிக் கரையில் அவள் தெருவைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு, புருஷன் சந்தியாகு, பிள்ளைகள், மாமியார் எல்லோரோடும் மலையடிவார முகாமுக்கு வந்தவள். வீட்டு மரத்துக்குப் பேர் பதிந்து வைத்து வருஷக்கணக்காகக் காத்திருந்தாள்.

"நீ ஒருத்தியாவது வாரியே," என்றாள் வடிவாம்பாள்.

"முகாம்லயும் பேசிக்கிடத்தான் செய்தாவ. பொட்டு மங்குன வீட்டு மாவு புளிக்கவே செய்யாதாம். எங்களுக்கு அதுதாம்க்கா வசதி. முகாம்ல ஐஸ் பெட்டி ஏது?"

வடிவாம்பாள் பல நாள்களுக்குப் பிறகு சிரித்தாள். இரண்டு கரண்டிக்கு மேல் இன்னொன்றும் ஊற்றினாள். பனிமயம் தூக்குவாளியை மூடிக்கொண்டு, வழக்கம்போல வாசல் நிலையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். பிறர் வீட்டுக் குழந்தையைத் தொட்டுப் பார்ப்பதுபோல் இருந்தது அது.

அன்று மத்தியானம் ஆவுடையப்பனின் தம்பி சங்குமுத்து வந்தான். தின்பண்டம் எதையும் தொடவில்லை. தண்ணீர்கூட வேண்டாம் என்றான்.

"மைனி, நான் சொல்லுதத கேளுங்க. கண்டவளையும் வாசல்ல நிக்க விடாதிய. கடல்காரி வந்து வந்து நிலையத் தடவிட்டுப் போறாளாம்லா? ஏக்கக் கண்ணு பொல்லாதது."

"அவ கண்ணு பட்டா மங்குது? அவ வாரதுக்கு முந்தியே மங்கிட்டுதே."

"பின்ன எதுக்கு மங்குது? நீங்க குறை வைக்கலியே. வெள்ளி தவறாம காட்டுக்குப் போய் மரத்துக்கு மஞ்சள், குங்குமம் வைக்கிய. ஒரு கொப்ப ஒடிக்க விட்டதில்ல. மரம் கேட்டு வந்த ஒருத்தனுக்கும் சரின்னு சொன்னதில்ல."

அது உண்மை. பங்குக்காட்டில் பல மரங்களுக்கு ஆவுடையப்பன் இடுப்புயரத்தில் கிளிஞ்சல் சுண்ணாம்பும் காவியுமாகப் பட்டை அடித்துவிட்டுப் போயிருந்தார். கோயில் மதிலில் அடிக்கிற அதே வெள்ளையும் காவியும். அவர் போன பிறகு முதல் தடவை காட்டுக்குப் போன வடிவாம்பாள், அந்தப் பட்டைகளைப் பார்த்துத் திகைத்து நின்றபோது சங்குமுத்துதான் சொன்னான், "அண்ணன் இதெல்லாம் சாமி மரம்னு நிறுத்தியிருக்கான் மைனி." அன்றிலிருந்து பட்டை போட்ட ஒவ்வொரு மரத்துக்கும் குங்குமம் வைத்துத்தான் திரும்புவாள். தன் நெற்றிக்கு இல்லாததை மரங்களுக்கு வைப்பதில் அவளுக்கு ஓர் ஆறுதல் இருந்தது.

சங்குமுத்து போன பிறகு அவள் நிலையின் கீழ்ப்படியைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே யோசித்தாள். குறை வைக்கவில்லை, சரி. பின்னே ஏன்?

அந்தக் கேள்வியைத் தெருவில் கேட்க ஆளில்லாததால், மறுநாள் கேட்பாளரிடம் கொண்டுபோனாள்.

கேட்பாளர் என்பது வாரியத்தில் ஓர் உத்தியோகம். வேர்களில் காது வைத்துக் கேட்பது. அந்த வட்டாரத்துக் கேட்பாளர் ஷரீபா, மேலப்பாளையத்துப் பெண், கலகலப்பானவள். ஆனால் வேலை விஷயத்தில் அவள் வாய்க்குப் பூட்டு இருந்தது. ஒரு காலத்தில் அதிகாரிகள் 'மரம் முற்றிவிட்டது, வெட்டு' என்று சொல்லிச் சொல்லியே மலையை மொட்டையடித்தார்களாம். அதனால் கேட்பாளர் யாரிடமும் மரத்தை வெட்டச் சொல்லக் கூடாது, மரம் கொடு என்று கேட்கவும் கூடாது என்று விதி வைத்திருந்தார்கள். பங்குக்காரர் தாமாகக் கொடுத்தால்தான் புது வீட்டுக்கு மரம். பங்குக்காரர் கேட்ட கேள்விக்கு மட்டும் கேட்பாளர் பதில் சொல்லலாம்.

"வாங்க வடிவக்கா, போய்ப் பாத்துருவோம்," என்றாள் ஷரீபா. "ஆனா ஒண்ணு. அங்க வந்து நீங்க நிறையக் கேக்கணும். எவ்வளவு கேக்குதியளோ அவ்வளவு நல்லது."

போகிற வழியில் தண்ணீர்க் குழாயடியில் நின்ற பனிமயமும் சேர்ந்துகொண்டாள். கடலைத் தவிர வேறொன்றும் அறியாதவள். காட்டை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

காட்டுக்குள் நுழைந்ததும் பனிமயம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "என்னக்கா, இவ்வளவு அமைதியா இருக்கு? ஒரு குருவிகூட இல்ல."

வடிவாம்பாளுக்கு அந்த அமைதிதான் பிடிக்கும். கோயில் பிராகாரம்போல. தேக்குகள் நெருக்கியடித்து, ஒல்லியாக, ஒரே உயரத்தில் நின்றன. மேலே இலைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வானத்தை மூடியிருந்தன. கீழே புல் இல்லை, செடி இல்லை. காய்ந்த சருகு மட்டும். சில மரங்களின் பட்டையில் பூச்சி துளைத்த மாவு உதிர்ந்திருந்தது.

ஷரீபா புனல்போன்ற ஒரு கருவியை மரத்தடியில் ஊன்றி, காதில் வைத்துக்கொள்ளும் குமிழ்களை வடிவாம்பாளிடம் கொடுத்தாள். "முதல்ல ஒரு சத்தம் போட்டுக் காட்டுதேன். இது ஆறு மலை தாண்டி இருக்கிற ஒரு நல்ல காடு."

வடிவாம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள். "பால் பொங்கதுக்கு முன்னால சட்டியில ஒரு முனகல் வரும் பாரு, அது மாதிரி இருக்கு."

"இப்ப உங்க காடு."

வடிவாம்பாள் கேட்டாள். நெடுநேரம் கேட்டாள். அவள் முகம் மாறியது.

"இது... சட்டியைச் சுரண்டுத சத்தம்லா. ஒண்ணுமில்லாத சட்டியக் கரண்டி வச்சுச் சுரண்டினா இப்படித்தான் கேக்கும்." சட்டென்று கண்ணைத் திறந்தாள். "ஏட்டி ஷரீபா, இதுங்களுக்குப் பசியா?"

ஷரீபாவின் முகம் விளக்கேற்றியதுபோல் ஆயிற்று. "அல்ஹம்துலில்லாஹ். கேட்டுட்டிய! ஆமாக்கா. பசி."

"ஏன் பசி? மழை பெய்யுது, மண்ணு இருக்குது..."

"இருக்கிற தண்ணிக்கும் சத்துக்கும் வெளிச்சத்துக்கும் பங்காளி எத்தனை பேர்னு பாருங்க. நடும்போது நெருக்கமாத்தான் நடுவாங்க, நேரா வளரணும்னு. வளர்ந்த பெறவு இடம் பத்தாது. எல்லா மரமும் அரைவயிறு. அரைவயித்துக்காரனுக்குச் சீக்கு சீக்கிரம் வரும். பூச்சி வரும். கீழ வெளிச்சம் விழாததால புதுசா ஒரு செடி முளைக்க வழியில்ல."

பனிமயம் மரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள், "எங்க கூடாரம் மாதிரில்லா இருக்கு. ஒருத்தர் திரும்பிப் படுக்கணும்னா எல்லாரும் திரும்பணும்."

வடிவாம்பாள் தன் குங்குமச் சிமிழை மடியில் தடவிக்கொண்டே நின்றாள். எதிரே பட்டை போட்ட மரம் ஒன்று. வெள்ளையும் காவியும் மங்கியிருந்தன. அதன்மேல் வெள்ளி தவறாமல் அவள் வைத்த குங்குமம் அடையாகப் படிந்திருந்தது. ஷரீபாவும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல்.

"என்னட்டி அப்படிப் பாக்க? எங்க வீட்டவுக போட்ட சாமிப் பட்டை இது."

ஷரீபா கருவியைப் பிடுங்கி மண்ணைத் தட்டினாள்.

"சாமிப் பட்டைதான்."

"கேட்டா சொல்லலாம்," என்றாள் ஷரீபா. "கேக்காததைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லக்கா."

"சரி, கேக்கேன். இது எதுக்குப் போட்ட பட்டை?"

"எடுக்க வேண்டிய மரத்துக்குப் போடுத பட்டை. எனக்கு முந்தி இருந்த கேட்பாளரும் உங்க வீட்டுக்காரரும் நடந்து பாத்து, எது போனா மத்தது பொழைக்கும்னு கணிச்சுப் போட்டிருப்பாங்க. சுண்ணாம்பும் காவியும் மழைக்கு அழியாது, மரத்துக்கும் கெடுதியில்ல. அதான்."

வடிவாம்பாள் அந்த மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவளுக்குச் சிரிப்பும் வந்தது.

"கௌம்பணும்னு அவுக குறிச்சு வச்ச ஆளுங்களுக்கெல்லாம் நான் வாராவாரம் குங்குமம் வச்சு, இருங்க இருங்கன்னு உக்காத்தி வச்சிருக்கேன் பாத்தியா பனிமயம்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா அவுக."

"நீங்க கேட்டியளா?" என்றாள் பனிமயம்.

"மாவாட்டிக்கிட்டு இருந்தேன்."

திரும்பி வருகிற வழியில் வடிவாம்பாள் முக்கியமான கேள்வியைக் கேட்டாள். பட்டை போட்ட மரங்களை இப்போது எடுத்தால் பொட்டு பளிச்சென்று ஆகிவிடுமா?

ஷரீபா தள்ளிக்கொண்டு வந்த ஸ்கூட்டரை நிறுத்தினாள். "ஆகாது. பொய் சொல்ல மாட்டேன். மரத்தை எடுத்த உடனே அதோட வேரை நம்பியிருந்த பூஞ்சையும் வாடும். பொட்டு இன்னும் மங்கும். ஆவணிக்குள்ள அணைஞ்சாலும் அணைஞ்சிரும். காடு தேறும், ஆனா அதுக்குச் சில மழைக்காலம் ஆகும்."

"எடுக்கலேன்னா?"

"இந்த ஆய்வைத் தட்டுத்தடுமாறித் தாண்டிரலாம். அடுத்ததையும் தாண்டலாம். எல்லாரும் அப்படித்தான் பண்ணுதாங்க. அதான் யாரும் மரம் கொடுக்கதில்ல, முகாமும் காலியாகதில்ல."

எடுத்தால் வீடு போகலாம். எடுக்காவிட்டால் வீடு நிற்கும், காடு சட்டியைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். வடிவாம்பாள் அதை மனதில் வைத்துக்கொண்டு சில நாள்கள் மாவரைத்தாள். உளுந்தைக் கழுவும்போதும் அந்தச் சத்தம் கேட்டது. முருகனிடம் கேட்டுப் பார்த்தாள். கடவுள் சில நேரம் பதிலை வாசலுக்கே அனுப்பிவைப்பார், கையில் தூக்குவாளியோடு.

"யக்கா, ரெண்டு கரண்டி மாவு."

"மாவு இருக்கட்டும். பட்டை போட்ட மரமெல்லாத்தையும் முகாமுக்கு எழுதிக் குடுக்கப் போறேன். உன் வீடு முதல் வீடு."

பனிமயத்தின் முகத்தில் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. "மாதாவே! வேண்டாம்க்கா. உங்க வீடு போயிரும். எங்களுக்கு முகாம் பழகிட்டு. உங்களுக்குப் பழக்கமில்ல. தார்ப்பாய்ல மழை விழுந்தா நீங்க உறங்க மாட்டிய."

"நீ உறங்குதியா?"

பனிமயம் தூக்குவாளியைக் கை மாற்றிப் பிடித்தாள்.

"பழகிக்கிடுதேன். ஒருவேளை நான் அங்க வந்து, நீ இங்க மாவரைச்சு விக்கயின்னு வையி. எனக்கு ஒரு கரண்டி கூட ஊத்த மாட்டியாக்கும்?"

சங்குமுத்து வந்து தெருவே கேட்கக் கத்தினான். அண்ணன் ஆசையாகக் கட்டிய வீட்டை மைனி கடலில் கொண்டு கரைக்கிறாள் என்றான். வடிவாம்பாள் அவனுக்கு மோர் கொடுத்தாள். கத்திய களைப்பில் மறந்துபோய்க் குடித்துவிட்டான்.

பங்குனியில் மரம் எடுத்தார்கள். வெட்டுவதற்கு முந்தின சாயங்காலம் வடிவாம்பாள் ஒவ்வொரு மரத்தடியிலும் கைகூப்பி, வழிவழியாகச் சொல்லும் வார்த்தையைச் சொன்னாள்: இந்த மரத்தில் குடியிருக்கும் உயிர்களே, கோபிக்காமல் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் நல்ல வீடு கிடைக்கட்டும். சந்தியாகுவும் முகாம் ஆண்களும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றார்கள். மறுநாள் முதல் மரம் சாய்ந்தபோது, மேலே கிழிந்த இடத்தின் வழியாக ஒரு துண்டு வெயில் இறங்கித் தரையில் விழுந்தது. அந்தத் தரைக்கு வெயில் பட்டு எத்தனை காலமாயிற்றோ.

ஒல்லி மரம் வீட்டுக்கு ஆகாது என்று ஊர் சிரித்தது. சூட்டறையில் பக்குவமாக உலர்த்தி, சட்டம் சட்டமாக அறுத்து, ஒன்றோடொன்று ஒட்டி அழுத்தியபோது அந்த ஒல்லிகளிலிருந்தே உத்திரமும் தூணும் கிடைத்தன. முகாமில் சில குடும்பங்களுக்கு வீடு எழும்பியது. தனித்து நின்றால் ஒன்றுக்கும் ஆகாத சட்டங்கள், சேர்ந்தபோது கூரையைத் தாங்கின.

பனிமயம் வீட்டு நிலை வைத்த அன்று, கீழ்ப்படிக்கு அடியில் வடிவாம்பாள் நவதானியம் போட்டாள். பனிமயம் முந்தானை முடிச்சை அவிழ்த்து, தன் பழைய வாசலில் பொறுக்கி வைத்திருந்த ஒரு சிப்பியைப் போட்டாள். நிலைக்கு இன்னும் குமிழ் பதிக்கவில்லை. அது ஆவணிக்குப் பிறகுதான் வரும் என்றது வாரியம்.

ஆடிச் சாரல் விடாமல் பெய்தது. சாரலுக்கு நடுவே ஒரு நாள், வடிவாம்பாள் வீட்டுப் பொட்டு அணைந்துபோயிற்று.

ஆவணியில், நல்ல மத்தியான வேளையில் ஆய்வாளர் வந்தார். தன்மையான மனிதர். செருப்பை வெளியே விட்டு, ஏணியில் ஏறி, அளவுமானியைக் குமிழில் வைத்துப் பார்த்தார். முள் அசையவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அசையவில்லை. "மன்னிக்கணும்மா," என்றார். "நாளைக் காலையில ஆளுங்க வருவாங்க. இப்பவே மின்சாரத்தை நிறுத்தணும்னு விதி." எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

சாயங்காலம் பனிமயம் கிரைண்டரைத் தூக்கிப்போகச் சந்தியாகுவோடு வந்தாள். வீட்டுக்குள் சாமான்கள் மூட்டையாகக் கிடந்தன. வடிவாம்பாள் வாசற்படிக்குக் கடைசியாக மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். இருட்டிக்கொண்டு வந்தது. வாசலில் எப்போதும் எரிகிற குழல்விளக்கு அன்று எரியவில்லை. தெருவிளக்குக்கும் இன்னும் நேரம் இருந்தது.

"அழாதிய யக்கா. எங்க வீடு உங்க வீடு. கிரைண்டர எங்க வைக்கணும்னு மட்டும்..." பனிமயம் பாதியில் நிறுத்தினாள். நிலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏங்க, இங்க வாங்களேன்," என்று சந்தியாகுவைக் கூப்பிட்டாள். "உங்களுக்கும் தெரியுதா?"

சந்தியாகு பார்த்தான். "நிலா இல்லாத அன்னைக்கு அலை ஒடையும்போது ஒரு நீலம் மின்னும்லா..."

"அதேதான்! யக்கா, நேராப் பாக்காதிய. கொஞ்சம் ஓரமாப் பாருங்க. கண்ணு பழகணும்."

வடிவாம்பாள் படியில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். முதலில் இருட்டு. பிறகும் இருட்டு. பிறகு, இருட்டுக்குள்ளிருந்து வருவதுபோல, மங்கலாக, நீலமாக, ஒரு பொட்டு.

ஷரீபா ஸ்கூட்டரில் பறந்து வந்தாள். ஏணியில் ஏறி, துப்பட்டாவைத் தலையோடு போர்த்திக் குமிழையும் மூடிக்கொண்டு உள்ளே பார்த்தாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

"என்னட்டி தெரியுது? சொல்லு. கேக்கேன்லா."

"இது தேக்குப் பூஞ்சை இல்லக்கா," என்ற குரல் துப்பட்டாவுக்குள்ளிருந்து வந்தது. "தேக்கு நடுததுக்கு முந்தி இந்த மலையில இருந்த காட்டோட பூஞ்சை. மண்ணுக்குள்ள உறங்கிக்கிட்டே கிடந்திருக்கு. போன வாரம் உங்க பங்குக்குப் போனேன். வெயில் விழுந்த இடமெல்லாம் முளை. வேங்கை, மருது, நெல்லி, கடுக்கா... பேர் தெரியாததும் இருக்கு. குருவி வந்திருக்கு. நல்லாத்தானே இருக்கு, பொட்டு ஏன் அணைஞ்சுதுன்னு எனக்கே குழப்பம்." அவள் தலையை வெளியே எடுத்தாள். கண் கலங்கியிருந்தது. "காடு சாகல. வேற காடா மாறிக்கிட்டு இருக்கு. இதுங்க இயல்பாவே மெல்லிசா, நீலமாத்தான் ஒளிரும். எங்க அளவுமானிக்குப் பச்சை மட்டும்தான் தெரியும்."

"அப்ப நாளைக்கு வீட்டைப் பிரிக்க மாட்டாவளா?" என்றாள் பனிமயம்.

"பிரிக்க விடமாட்டேன். நானே இங்க வந்து உக்காந்திருப்பேன்."

பனிமயம் கையெடுத்து மாதாவைக் கும்பிட்டாள். ஆனால் ஷரீபா ஏணியைவிட்டு இறங்கி, படியில் வடிவாம்பாளுக்குப் பக்கத்தில் ஓய்ந்து உட்கார்ந்தாள். சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை.

"என்னம்மா?" என்றாள் வடிவாம்பாள்.

"ஆய்வு எல்லாம் மத்தியானத்துலதான் நடக்கு. வெளிச்சத்துலதான் அளவுமானி படிக்க முடியும்னு. இதுவரைக்கும் அணைஞ்சுபோச்சுன்னு பிரிச்ச வீடுங்க ஒண்ணையும் யாரும் இருட்டுல பாத்ததே இல்லக்கா."

வடிவாம்பாள் எழுந்து, மூட்டையை அவிழ்த்து, ஒரு தம்ளர் எடுத்துத் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"பிரிச்ச வீட்டு நிலையெல்லாம் என்ன பண்ணுவீக?"

"மத்த மரத்தை யாராவது எடுத்துக்குவாங்க. அணைஞ்ச பொட்டு இருக்கிற நிலையை எவரும் தொட மாட்டாங்க. கிடங்குல அடுக்கி வச்சிருக்கு."

"சாவி உங்கிட்ட இருக்கா?"

கிடங்கு ஆற்றங்கரையில் இருந்தது. ஷரீபா இரும்புக் கதவைத் தள்ளித் திறந்து, பழக்கத்தில் சுவிட்சைத் தேடினாள். வடிவாம்பாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நால்வரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒன்றும் தெரியவில்லை. பழைய மரத்தின் வாசனை மட்டும் வந்தது. கண் பழகட்டும் என்று காத்திருந்தார்கள்.

முதலில் ஒன்று தெரிந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு வரிசையாக, மேலும் கீழுமாக, சுவரோடு சுவராக, கூரை வரைக்கும். எல்லாம் நீலம். சிலது தளதளவென்று, சிலது ஊசிமுனையாக. எங்கெங்கோ ஒல்லித் தேக்குகள் காற்றில் சாய்ந்து, பூச்சியில் விழுந்து, வெயில் தரையைத் தொட்டு, கண்ணுக்கெட்டாத சரிவுகளில் பழைய காடு எழுந்துகொண்டிருந்ததை அந்தப் பொட்டுகள் இத்தனை காலமும் பூட்டிய அறைக்குள் சொல்லிக்கொண்டே இருந்திருக்கின்றன. அங்கங்கே சில நிலைகள் மட்டும் இருட்டாகவே நின்றன.

"கடலு," என்றாள் பனிமயம், மெதுவாக.

ஷரீபா விம்முவது கேட்டது. வடிவாம்பாள் இருட்டில் கைநீட்டி அவள் தலையைத் தேடித் தடவிக்கொடுத்தாள்.

"இந்த நிலைக்காரங்க எல்லாம் இப்ப எங்கட்டி இருக்காவ?"

"முகாம்லதான்க்கா."

"எங்க வரிசையிலயே ரெண்டு குடும்பம் இருக்கு," என்றாள் பனிமயம்.

வடிவாம்பாள் கொஞ்ச நேரம் அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சந்தியாகு, அந்தக் கிரைண்டர இருந்த எடத்துலேயே வச்சிரு தம்பி. கரண்டு வரலேன்னா ஆட்டுக்கல்லு இருக்கு. போய் அரிசி ஊறப்போடணும். நாளைக்கு விடியும்போது இவ்வளவு பேரையும் கூட்டிட்டு வந்து அவங்கவங்க வாசலைக் காட்டணும்னா, முதல்ல எல்லாரும் எங்க வீட்டுல கைநனைக்கட்டும்."